தேய்மானமில்லாத நாடகம்

கலையை வளர்த்தவர்கள் என்று சரித்திரம் எத்தனையோ பேரைக் கொண்டாடுகிறது. பொன்னை அள்ளிக் கொடுத்த மன்னர்கள், கொட்டகை போட்டுக் கொடுத்த பணக்காரர்கள், கைதட்டியே கைரேகையை அழித்துக்கொண்ட ரசிகர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். ஆனால் கலையை உள்ளே வைத்துப் பூட்டி, அரக்கு முத்திரை குத்தி, சாவியை இடுப்பில் தொங்கவிட்டுக் காப்பாற்றிய மகான் உலகத்தில் ஒருவர்தான். அவர் நேரடிக் கலைகள் ஊக்குவிப்பு ஆணையத்தின் பண்டகக் காப்பாளர். ஸ்டோர்கீப்பர் என்றால் எல்லோருக்கும் புரியும். அவருக்கு இன்னும் ஒரு சிலை வைக்காதது நமக்கெல்லாம் அவமானம். வைத்திருந்தால் அதையும் அவரே ஸ்டாக்கில் ஏற்றி உள்ளே கொண்டுபோயிருப்பார் என்பது மட்டும்தான் ஆறுதல்.

கலைக்கு வருவதற்கு முன் அவர் சாலைத் துறையின் கிடங்கைக் காத்துக்கொண்டிருந்தார். அவர் பொறுப்பில் இருந்தவரை ஒரு மண்வெட்டியின் முனைகூட மழுங்கியதில்லை. யாருக்காவது கொடுத்தால்தானே மழுங்கும்? சாலை போட முடியவில்லையே என்று பொறியாளர்கள் புலம்பினார்கள். அது சாலையின் கவலை, மண்வெட்டிக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார் காப்பாளர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று அவர் காதுபடவே சொன்னார்கள். அதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டார். கடைசியில் பொறியாளர்கள் எல்லோரும் ஒன்றுகூடி, 'இவருக்குள் ஒரு கலை உள்ளம் ஒளிந்திருக்கிறது' என்று மேலிடத்துக்குப் பரிந்துரை எழுதி, அவரை ஆணையத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அன்றைக்கே சாலைகள் போட ஆரம்பித்துவிட்டார்கள். கலைக்கு நல்ல காலம் பிறந்தது இப்படித்தான்.

ஆணையத்தின் வேலை, கலை விழா நடத்துவதும் கலைக்குழுக்களுக்கு மானியம் கொடுப்பதும். அந்த வருடம் மானியம் ஒரு நாடகக் குழுவுக்குப் போனது. குழுவின் தலைவர் தொழிலால் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஒத்திகையில் யாராவது வசனத்தைத் தப்பாகச் சொன்னால் வாய் திறக்க மாட்டார். வலது காலால் தரையை ஓங்கி மிதித்து இல்லாத பிரேக்கைப் போடுவார். நடிகர்கள் அப்படியே நின்றுவிடுவார்கள். அவருடைய டிரைவிங் ஸ்கூல் முற்றத்தில்தான் ஒத்திகை.

இந்தக் குழுவுக்கு உடை தைத்துக் கொடுத்தவள் நம் காப்பாளரின் மனைவி. வீட்டு முன்னறையில் தையல் மெஷின் வைத்திருந்தாள். அளவு எடுக்கப் போன இடத்தில், வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு ஒத்திகையைப் பார்த்துப் பார்த்து முழு நாடகத்தையும் மனப்பாடம் செய்துவிட்டாள். ஒருநாள் முக்கிய வேடக்காரி கோபித்துக்கொண்டு போய்விட்டாள். எல்லோரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது இவள் குண்டூசிகளைத் துப்பிவிட்டு அடுத்த வசனத்தைச் சொன்னாள். தலைவர் பிரேக் போடவில்லை. அவர் வாழ்க்கையிலேயே காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டது அன்றைக்குத்தான்.

நாடகத்தின் பெயர் 'தொலைந்த மாமியார்'. ஒரு மருமகன் ரயில் நிலையத்தில் மாமியாரைத் தொலைத்துவிடுகிறான், கொஞ்சம் வேண்டுமென்றே. அந்த அம்மாள் எங்கெங்கோ அலைந்து, தொலைந்த பொருட்களை வைத்திருக்கும் அறைக்கு வந்து சேர்கிறாள். அங்கே இருந்த குமாஸ்தா டீ குடிக்கப் போனவன் திரும்பி வரவே இல்லை. அவள் அவன் நாற்காலியில் உட்காருகிறாள். அதோடு தீர்ந்தது. குடையைத் தேடி வந்தவனுக்குக் குடை கிடையாது. பெட்டியைத் தேடி வந்தவனுக்குப் பெட்டி கிடையாது. "அடையாளம் சொல்லுங்க" என்பாள். எதைச் சொன்னாலும் போதாது. பல் செட்டைத் தொலைத்த ஒரு மந்திரி வந்து பொக்கை வாயால் ஏதோ குழறுவார். "ஒண்ணும் புரியலையே, பல்லைப் போட்டுக்கிட்டு வந்து கேளுங்க" என்பாள்.

இந்த நடிப்பை அவள் எந்தப் பள்ளியில் கற்றாள் என்று கேட்பீர்கள். வீட்டில் ஒரு தீக்குச்சி வேண்டும் என்றால், "எதுக்கு? மத்தியானம் பத்தவெச்ச அடுப்பை ஏன் அணைச்சே? குச்சியோட மிச்சம் எங்கே?" என்று கேட்கும் கணவர் இருக்கும்போது தனியாகப் பள்ளி எதற்கு? அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கும் தோரணை, 'ஹும்' என்று ஒரு பெருமூச்சு, சாவிக்கொத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் விரல், எல்லாவற்றையும் அப்படியே மேடைக்குக் கொண்டுபோய்விட்டாள். பார்த்தவர்கள் எல்லோருக்கும் அது யார் என்று தெரிந்தது. ஒரே ஒருவரைத் தவிர.

விழா அன்று மண்டபம் நிறைந்து வழிந்தது. காப்பாளர் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பவர்கள் நாற்காலியைச் சாதாரணமாக விடுவதில்லை. பின்னால் சாய்கிறார்கள், முன்னால் குனிகிறார்கள், சிலர் கையால் அடிக்கிறார்கள். ஒவ்வொரு சிரிப்புக்கும் அவர் நாற்காலிக் கால்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். மேடையில் இருப்பது தன் மனைவி என்பதுகூட இடையிடையேதான் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் முகத்தில் பூச்சைக்கூடக் கழுவாமல் கேட்டாள்.

"எப்படிங்க இருந்துச்சு?"

"பரவாயில்ல. மூணாவது வரிசையில ஒரு நாற்காலிக்குக் கால் ஆடுது."

"நான் நாடகத்தைக் கேட்டேன்."

"அதுவா? அந்த மாமியார் ஒருத்திதான் பொறுப்பான மனுஷி. மத்தவங்க எல்லாம் பொருளைத் தொலைச்சிட்டு வந்து சத்தம் போடுறாங்க. தொலைச்சவனுக்கு என்ன வாய் வேண்டிக்கிடக்கு?"

அவள் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டுச் சிரித்தாள். காப்பாளர் அப்போது ஜன்னல் கொக்கி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

விழா முடிந்து நாற்காலிகளில் தூசு படிந்த பிறகு தணிக்கை வந்தது. வந்த அதிகாரி ஒரு பெண்மணி. குரலை உயர்த்தவே மாட்டார். அவர் மெதுவாகப் பேசிவிட்டுப் போன அலுவலகங்களில் பல பேர் இன்னும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர் சரி என்று சொன்னால்தான் ஆணையத்துக்கு அடுத்த வருட நிதி வரும்; நாடகக் குழுவுக்கும் மீதி மானியம் போகும்.

"மானியத்துல என்ன வாங்கினீங்க?" என்றார்.

"நாடகம் மேடம்," என்றார் ஆணையர், பெருமையாக.

"ரொம்ப நல்லது. காட்டுங்க."

"எதை மேடம்?"

"வாங்கின நாடகத்தை."

"அது வந்து, முடிஞ்சு போச்சு மேடம்."

"ஒரே சாயங்காலத்துலயா?" அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அரசாங்கம் வாங்கின ஜீப்பு வருஷக்கணக்கா ஓடுது. பீரோ தலைமுறைக்கும் நிக்குது. நீங்க வாங்கின பொருள் மட்டும் ராத்திரி சாப்பாட்டுக்குள்ள தீர்ந்துபோச்சா?"

"நேரடிக் கலைன்னா அப்படித்தான் மேடம். நடக்கும்போது இருக்கும். முடிஞ்சா இருக்காது."

"போன வாரம் ஒரு ஆபீஸ்ல பெட்ரோலைக் குடிச்சிட்டுப் போன டிரைவரும் இதையேதான் சொன்னார்."

ஆணையருக்கு வியர்த்தது. அவர் கலையைப் பற்றி இரண்டு மணி நேரம் தடையில்லாமல் பேசக்கூடியவர். கேள்வி கேட்டால் மட்டும்தான் தடுமாறுவார். அப்போது ஓரமாக நின்ற காப்பாளர் தொண்டையைச் செருமினார்.

"நாடகம் தீரல மேடம். ஸ்டோர்ல இருக்கு. நாளைக்குக் காட்டுறேன்."

அவர் பொய் சொல்லும் மனிதர் அல்ல. வாங்கிய பொருள் ஸ்டோரில் இருந்தே ஆக வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. இல்லாவிட்டால் தப்பு உலகத்தின் மேல்; அந்தத் தப்பை ராத்திரியோடு ராத்திரியாகச் சரிசெய்துவிட்டால் போயிற்று.

மறுநாள் காலையில் நாடகக் குழு முழுவதும் ஆணையத்தின் கிடங்கில், பினாயில் டின்களுக்கும் பழைய பேனர்களுக்கும் நடுவில் நின்றது. கதவு, டிரங்குப் பெட்டி, குடை, பல் செட் எல்லாவற்றுக்கும் காப்பாளர் ஸ்டாக் நம்பர் போட்டு ஸ்டிக்கர் ஒட்டினார். பிறகு நடிகர்கள் பக்கம் திரும்பினார்.

"எங்களுக்குமா சார்?" என்றார் தலைவர்.

"நீங்க இல்லாம நாடகம் ஓடுமா?"

"ஓடாது சார்."

"அப்ப நீங்களும் பாகம்தான். திரும்புங்க. நெத்தியில ஒட்டினா வேர்வையில உரிஞ்சிடும்."

மனைவியின் முறை வந்தது. அவர் கண்ணாடியை இறக்கி, அவள் தோளுக்குக் கீழே ஓர் இடத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுத்து, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினார்.

"அசையாதே, கோணலாப் போயிடும்."

"கல்யாணத்தன்னிக்குக்கூட நீங்க இவ்வளவு கிட்ட வந்து பார்க்கலையே," என்றாள் அவள்.

தணிக்கை அதிகாரி வந்தார். பொருளை நேரில் சரிபார்ப்பது என்றால் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதனால் அலமாரிகளுக்கு நடுவிலேயே முழு நாடகமும் நடந்தது. மந்திரியின் பல் செட் காட்சியில் அதிகாரி சட்டென்று எழுந்து, பினாயில் டின்களின் பக்கம் திரும்பிக்கொண்டு, அவற்றின் மேலிருந்த எழுத்துக்களை வெகு நேரம் படித்தார். அவருடைய தோள்கள் மட்டும் குலுங்கின. திரும்பியபோது முகம் பழையபடி இருந்தது.

"பொருள் நல்ல நிலையில இருக்கு. எந்த வகையில சேர்த்திருக்கீங்க? வகை தெரிஞ்சாத்தான் தேய்மானம் போட முடியும்."

தேய்மானம் என்பது அரசாங்கத்தின் மிக உயர்ந்த தத்துவம். எந்தப் பொருளையும் உபயோகித்தால் அதன் மதிப்பு குறையும். குறைந்து குறைந்து ஒன்றுமில்லாமல் போனதும் கழித்துக்கட்டி ஏலம் விட்டுவிட வேண்டும். எனவே அங்கேயே ஓர் 'உயர்மட்ட ஆலோசனை' கூடியது.

"மரச்சாமான்ல சேர்க்கலாமா?" என்றார் ஆணையர்.

"எங்க மருமகன் வேஷக்காரரைச் சேர்க்கலாம்," என்றார் குழுத் தலைவர். "மத்தவங்க கொஞ்சம் அசைவாங்க."

"அப்ப வாகனம்?"

"சரியாச் சொன்னீங்க சார்! ஆளை இருந்த எடத்துலேர்ந்து வேற எங்கேயோ கூட்டிட்டுப் போறதுதானே நாடகம்!" என்று தலைவர் உருகினார்.

"இன்சூரன்ஸ் இருக்கா?" என்றார் அதிகாரி.

உருக்கம் அடங்கியது. கடைசியில் காப்பாளர்தான் வழி சொன்னார். விழா அன்று ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்ததைத் தாம் கண்ணால் பார்த்ததாகவும், இப்படி விழுந்து புரளும் இடத்தில் இருக்கும் எதுவும் 'உடையக்கூடிய பொருள்' வகையிலேயே வர வேண்டும் என்றும் எடுத்துரைத்தார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். உடையக்கூடிய பொருளை அனாவசியமாக அசைக்கக் கூடாது. ஏழு வருடம் அரசின் பாதுகாப்பில் இருக்க வேண்டும். ஒவ்வொரு உபயோகத்துக்கும் பத்தில் ஒரு பங்கு தேய்மானம். பத்து தடவை நடித்தால் நாடகத்தைக் கழித்துக்கட்ட வேண்டும். அதைக் கேட்டபோது காப்பாளரின் கண்கள் கலங்கின. தம் உயிருள்ளவரை அப்படி நடக்க விடுவதில்லை என்று மனதுக்குள் சபதம் செய்தார்.

குழுவினருக்கு முதலில் தலைகால் புரியவில்லை. தலைவர் டிரைவிங் ஸ்கூல் வாசலில் 'அரசுச் சொத்து' என்று போர்டே மாட்டிவிட்டார். மூலையில் கிடந்த தங்களை அரசாங்கம் சொத்தாக மதிக்கிறதே என்று பூரித்துப்போனார்கள். சொத்து என்றால் வைத்துக்கொள்வதற்கு என்று அப்போது அவர்களுக்குத் தெரியவில்லை.

அழைப்புகள் வர ஆரம்பித்தன. நாடகம் பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொல்லி, பார்க்காதவர்கள் பொறுமை இழந்து கேட்டார்கள். விதிப்படி ஒவ்வொரு அழைப்பும் காப்பாளரிடம் வந்தது. ஒவ்வொன்றையும் அவர் நடுநிலையோடு பரிசீலித்து நிராகரித்தார். கல்லூரியில் விசிலடிப்பார்கள், அதிர்வு ஏற்படும். நெசவாலையில் பஞ்சு பறக்கும், நாடகத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸுகளே நேரில் வந்தார்கள்.

"நோயாளிங்க சிரிச்சு ரொம்ப நாளாச்சு சார். ஒரே ஒரு தடவை."

"ஆபரேஷன் ஆனவங்க இருக்காங்களா?"

"இருக்காங்க சார்."

"சிரிக்கிறப்ப தையல் பிரிஞ்சா, யார் பொறுப்புல தைக்கிறது? போயிட்டு வாங்கம்மா."

ஒத்திகையாவது பார்த்துக்கொள்ளலாமா என்று தலைவர் வந்து நின்றார். "பீரோவுக்கு யாராவது ஒத்திகை பார்க்கிறாங்களா? ஓட்டினா தேயும்," என்றார் காப்பாளர். தலைவரின் வலது கால் தன்னையறியாமல் தரையை மிதித்தது. எதுவும் நிற்கவில்லை.

வீட்டிலும் அவர் கடமை தவறவில்லை. ஒருநாள் அவள் சமையலறையில் சாதத்தைக் கிளறிக்கொண்டே, "பல்லைப் போட்டுக்கிட்டு வந்து கேளுங்க" என்று முணுமுணுத்தாள். அவர் கையில் பிடித்த செய்தித்தாளோடு ஓடி வந்தார்.

"உஷ்! அனுமதியில்லாம உபயோகிக்காதே!"

"ஒரு வரிதாங்க."

"ஒவ்வொரு வரியாத்தான் தேயும்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டுமா? அன்னிக்கு நான் வாயைத் திறந்தா ஒரு மண்டபமே காதைக் கொடுத்துச்சு. நான் பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சிரிக்கத் தயாரா உட்கார்ந்திருந்தாங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் பேசினா நீங்க 'ம்'னு சொன்னதுகூட இல்ல. எனக்கு நகை வேண்டாம், நட்டு வேண்டாம். மேடை வேணுங்க. அது மட்டும் வேணும்."

காப்பாளருக்கு உண்மையாகவே மனம் வலித்தது. அவர் கல்நெஞ்சர் அல்ல. "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். தணிக்கைக்கு நடிச்சதையும் சேர்த்து ரெண்டு போச்சு. மீதியையும் செலவழிச்சிட்டா உன்னைக் கழிச்சுக் கட்டிடுவாங்க. யோசிச்சுப் பார்த்தியா?"

"செலவழிக்காம வெச்சிருந்தா?"

"அப்படியே இருப்பே."

"அப்படியேதாங்க இருக்கேன்," என்றாள்.

அதற்கடுத்த வாரம் பெரிய அழைப்பு வந்தது. வெளியூர் அரங்கங்கள் பல சேர்ந்து, ஒரு பருவம் முழுக்க ஊர் ஊராக வந்து நடிக்கும்படி கேட்டிருந்தன. தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்களே. குழுவில் யாருக்கும் இப்படி ஒரு வாய்ப்பு கனவிலும் வந்ததில்லை. அவளே விண்ணப்பம் எழுதி, சாப்பாட்டு மேசையில், அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, வீட்டுக்காரி என்ற சலுகை துளியும் காட்டாமல், முழுவதும் படித்துவிட்டு நிராகரித்தார். ஒரு பருவம் முழுக்க என்றால் பொருள் பொடிப்பொடியாகிவிடும்.

"சரிங்க," என்றாள் அவள்.

அந்தச் 'சரிங்க'வைக் கேட்டு வேறு எந்தக் கணவனாக இருந்தாலும் அன்றைக்குத் தூங்கியிருக்க மாட்டான். காப்பாளர் குறட்டை விட்டுத் தூங்கினார்.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் அலுவலகம் கலையும் நேரத்தில், பியூன் மூச்சிரைக்க வந்தான்.

"சார், உங்க பொருள் டிரைவிங் ஸ்கூல் முற்றத்துல ஓடிட்டு இருக்கு!"

"பூட்டு?"

"பூட்டு அப்படியேதான் சார் இருக்கு. ஆளுங்கதான் அங்க இருக்காங்க."

உண்மைதான். கிடங்கில் கதவும் பெட்டியும் குடையும் பல் செட்டும் முத்திரை கலையாமல் இருந்தன. குழு அவற்றைத் தொடவில்லை. "மீதி மானியமும் வேண்டாம், போர்டும் வேண்டாம்" என்று முடிவெடுத்து, ஒரு பழைய காரின் கதவைக் கழற்றி நடுவில் நிறுத்தி, அதையே தொலைந்த பொருள் அறையின் கதவாக்கிவிட்டார்கள். முற்றத்தில் நிற்க இடமில்லை. கல்லூரிப் பையன்கள் மதில் மேல். நர்ஸுகள் சீருடையோடு. ஓரத்தில், சாமான் ஏற்றிய வேன் வெளியூர் கிளம்பத் தயாராக நின்றுகொண்டிருந்தது.

காப்பாளர் ஒரு கையில் அரக்கும் முத்திரையுமாகக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேரே மேடைக்கு ஏறினார். மேடை என்றால் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டது. நாற்காலியில் அவள், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, சாவிக்கொத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே இவர், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, சாவிக்கொத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். முற்றமே வெடித்துச் சிரித்தது.

"நிறுத்துங்க! இது அரசாங்கப் பொருள்!" என்று கத்தினார் காப்பாளர்.

மறுபடியும் சிரிப்பு. தலைவர் வழக்கப்படி காலைத் தூக்கினார், மிதிக்கவில்லை.

அவள் அசரவில்லை. "வரிசையில வந்தீங்களா?" என்று கேட்டாள்.

"விளையாடாதே. என் பொருளை எங்கிட்ட கொடு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. என்ன தொலைச்சீங்க?"

"என் பெண்டாட்டியை!"

சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. அவள் காத்திருந்தாள். பிறகு அதே குரலில், "அடையாளம் சொல்லுங்க" என்றாள்.

காப்பாளர் ஸ்டாக் நம்பரை முழுசாக, பிசகில்லாமல் ஒப்பித்தார்.

"நம்பரை யார் வேணும்னாலும் சொல்லலாம். ஆளோட அடையாளம் சொல்லுங்க. அவங்களுக்குப் பிடிச்ச பாட்டு எது?"

அவர் சாவிக்கொத்தில் ஒவ்வொரு சாவியாகத் தடவிப் பார்த்தார்.

"சாயங்காலத்துல எங்க உட்காருவாங்க?"

"வீட்லதான்..." என்றார்.

"வீட்ல எங்கே?"

தெரியவில்லை. கூட்டத்தில் யாரோ, "சொல்லுய்யா!" என்று கூவினார்கள். அவள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"கடைசியா ஒண்ணு. அவங்க சிரிச்சா எப்படி இருக்கும்?"

பதில் சொல்லத்தான் அவர் நினைத்தார். எத்தனை கடப்பாரைகளின் கீறல்களை அடையாளம் சொல்லியிருக்கிறார்! யோசித்துப் பார்த்தார். சத்தம் காதில் வந்தது, முகம் வரவில்லை.

"அவ சிரிக்கிறப்ப நான் ஜன்னல் கொக்கியைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்," என்றார்.

இவ்வளவு பெரிய சிரிப்பு அந்த நாடகத்துக்கு முன்பும் கிடைத்ததில்லை, பின்பும் கிடைக்கவில்லை. முன்வரிசையில் இருந்த சில பெண்கள் மட்டும் சிரிக்கவில்லை. மேடையில் இருந்த பெண்ணும் சிரிக்கவில்லை.

"அப்ப இது உங்க பொருள் இல்லீங்க," என்றாள். "அடுத்தவர் வாங்க."

பொக்கை வாய் மந்திரி வந்துவிட்டார். விதி என்றால் விதி. காப்பாளர் ஓரமாக ஒதுங்கினார். நாடகம் முடிந்ததும் கார் கதவைத் திரும்ப மாட்டினார்கள், எல்லோரும் வேனில் ஏறினார்கள், வேன் போயிற்று. அரக்கு அவர் கையிலேயே பிசுபிசுத்தது.

சொத்து காணாமல் போனால் விசாரணை உண்டு. அதே தணிக்கை அதிகாரி வந்தார். ஆணையர் அவருக்கு எதிரே, காப்பாளரைப் பார்வையாலேயே பொசுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பொருள் இப்ப எங்க இருக்கு?"

"ஊர் ஊராப் போய்க்கிட்டு இருக்கு மேடம். தினமும் நடிக்கிறாங்களாம்."

"நீங்க ஏன் பறிமுதல் பண்ணல?"

"அடையாளம் கேட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியல."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். பிறகு இன்னும் மெதுவாகக் கேட்டார். "பத்து தடவைக்கு மேல ஆயிருக்கும். இந்நேரம் முழுசாத் தேய்ஞ்சிருக்குமே?"

"இல்ல மேடம். போன ஊர்க்காரங்க சொல்றாங்க, ஒவ்வொரு நாளும் இன்னும் நல்லா இருக்காம். எங்கிட்ட இருந்தப்பதான் தேய்ஞ்சுபோச்சு."

ஆணையர் மேசையைத் தட்டினார். இந்த மாதிரி இழப்பு இனி ஒருபோதும் நேரக் கூடாது என்று அங்கேயே ஆணை பிறப்பித்தார். அடுத்த கலை விழாவுக்கு எந்தக் கலையும் வாங்கப்படவில்லை. அந்த நிதியில் இரும்பு அலமாரிகள் வாங்கினார்கள். குத்துவிளக்குக்குப் பதில் டியூப் லைட்டைப் போட்டு விழாவைத் தொடங்கி, அலமாரிகளுக்கு முன்னால் உரையாற்றி, டியூப் லைட்டை அணைத்து முடித்தார்கள். தணிக்கையில் ஓர் ஆட்சேபணைகூட வராத முதல் கலை விழா என்று ஆணையம் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டது. நாமும் தட்டிக்கொடுக்க வேண்டும்.

அந்த விழாவுக்குக் காப்பாளர் வரவில்லை. சாவிக்கொத்தை ஆணையரின் மேசையில் வைத்து, பக்கத்தில் ஒரு விடுப்பு விண்ணப்பத்தையும் வைத்துவிட்டு, காலையிலேயே பஸ் ஏறிவிட்டார். வெளியூரில் நாடகம் நடக்கிறது, முன்வரிசையில் உட்கார்ந்து மேடையை மட்டும் பார்க்க வேண்டும், அதற்கு விடுப்பு வேண்டும் என்று எழுதியிருந்தார். ஆணையத்தில் ஒரே பரபரப்பு. பழைய கோப்புகளை எல்லாம் புரட்டிப் பார்த்தார்கள். ஆணையம் ஏற்பட்ட நாளிலிருந்து அதன் ஊழியர்களில் ஒருவர்கூட நாடகம் பார்க்க வேண்டும் என்று கேட்டதில்லை. முன்னுதாரணம் இல்லாத விஷயம் என்பதால் ஆணையரே நேரில் ஆழ்ந்து ஆராய்ந்து, அன்று மாலையே தம் கைப்பட முடிவு எழுதினார்: 'நாடகம் பார்ப்பது, நேரடிக் கலைகள் ஊக்குவிப்பு ஆணையத்தின் பணிகளோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத சொந்த விவகாரம். விடுப்பு மறுக்கப்படுகிறது.'